ஆடு தொடாத செடி

என் கல்லூரி அறையில் ஒரு பாராட்டுப் பத்திரம் மாட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புப் பாறையில், எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லாத ஊதாப் பூ ஒன்றைக் கண்டேன். காட்டியவர் அங்கே ஆடு மேய்க்கும் செல்லம்மாள்.

"ஆடு இதத் தொடாது சார், அம்புட்டுக் கசப்பு" என்றார்.

புதிய இனம் என்று நிரூபிக்க, வேரும் பூவும் காயுமாகச் செடிகளை உலர்த்தி நாலைந்து தாவரக் காப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். பாறை இடுக்கில் இருந்தவை பதினொன்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செய்தித்தாளுக்குள் வைத்தேன்.

"ரெண்டயாச்சும் வுட்டுட்டுப் போங்க சார். காய் வெடிச்சாத்தான அடுத்த வருசம் மொளைக்கும்?"

"இன்னும் நிறைய இருக்கும்மா" என்றேன். நான் தேடிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு போனேன். பாறை மொட்டையாகக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் மூன்று நாள் அலைந்தும் ஒரு செடி இல்லை. செல்லம்மாள் என்னைப் பார்த்ததும் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் செடியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் 'அழிவுக்குக் காரணம்' என்று ஒரு பத்தி எழுதியாக வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்று எழுத வழியில்லை. அந்தப் பாறையில் யாரும் வெடி வைக்கவில்லை. அதனால், 'ஆடு மேய்ச்சல்' என்று எழுதினேன்.

பாராட்டினார்கள். இன்றும் அந்த வரியை மேற்கோள் காட்டுகிறார்கள்.

செல்லம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அதை நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.