மூன்றாவது திருகு

பாட்டு தொடங்குமுன் தட்டின்மேல் ஊசி உரசும் அந்தக் 'கர்ர்' என்ற ஓசையை இன்று கேட்டாலும் எனக்கு ஈரமணலின் வாடைதான் முதலில் வருகிறது. நாற்பதுகளில் ஓர் ஆடிப் பதினெட்டன்று, பள்ளிபாளையத்துக் காவிரிக்கரைக்கு முதன்முதலாக 'மைக்செட்டு' வந்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் பெட்டி இருந்தது. அங்கிருந்து ஓடிய கம்பி படித்துறையோரப் புளியமரத்தில் கட்டிய, 'கொழா' என்று நாங்கள் சொன்ன கூம்புக் குழாய் ஒலிபெருக்கியில் முடிந்தது.

பெட்டியில் மூன்று திருகுகள். முதலாவது மைக்குக்கு, இரண்டாவது பாட்டுத் தட்டுக்கு. இரண்டின் ஒலியும் உள்ளே கலந்து, மூன்றாவது திருகின் வழியாகத்தான் குழாய்க்குப் போகும். இவ்வளவு எளிய சங்கதியைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கச் சர்க்கார் பிற்காலத்தில் எனக்குச் சம்பளமும், ஓய்வுபெற்ற அன்று ஒரு மாலையும் கொடுத்தது. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அது தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

என் தங்கை பாவாயி, நாலு வயதுக்காரி, கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டு எங்கோ போய்விட்டாள்.

"ஏனுங்க, இதுல கூப்பிட்டா ஆத்தங்கரை பூராக் கேக்குமாமுங்க," என்று அம்மா அப்பாவை அங்கே இழுத்து வந்தாள்.

உள்ளே இருந்த ஆள் எழுந்து நின்றான். "மொதலாளி சோத்துக்குப் போயிருக்காருங்க. எனக்குத் தட்டு மாத்த மட்டுந்தான் தெரியும். இது மைக்குக்கு, இது தட்டுக்குங்க. அந்த மூணாவதை அவருதான் தொடுவாருங்க."

"தள்ளப்பா. பொழுதன்னிக்கும் தண்ணி கட்றவனுக்கு மூணு மடையைத் தொறந்து அடைக்கத் தெரியாதாக்கும்," என்றார் அப்பா.

எங்கள் காட்டில் கிணற்று நீர் ஒரு பாத்திக்கு வேகமாகப் பாய வேண்டுமானால் மற்ற மடைகளையெல்லாம் அடைத்துவிடுவார்கள். அப்பா அதையேதான் செய்தார். தட்டின் திருகை அடைத்தார், மைக்கின் திருகை முழுக்கத் திறந்தார், மூன்றாவதும் வேறு யாருடைய பாத்திக்கோ போகும் மடை என்றெண்ணி அதையும் இறுக அடைத்தார். தலைவாய்க்காலே அடைபட்டுப்போனது.

பாட்டு நின்றது. இரண்டு காடு தாண்டிக் கேட்கும் குரல் அம்மாவுக்கு. "பாவாயீ! சாமீ! கோயலுக்குப் பொறவால வா கண்ணு!" என்று மூச்சு வாங்க வாங்கக் கூப்பிட்டாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் நாங்கள் நம்பினோம்.

"மரத்துலருந்து ஒரு சத்தத்தையுங் காணமுங்களே?" என்றாள் அம்மா.

"கொழா ஆத்தைப் பாத்திருக்குது. அங்கத்தவங்களுக்குத்தான் கேக்கும். நீ கூப்புடு," என்றார் அப்பா. கோயில் மேளச் சத்தத்தில் அதுவும் நியாயமாகவே பட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்த மைக்செட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார். "அட, மெயினை அடைச்சுப்போட்டீங்களே!" என்று மூன்றாவது திருகைத் திருப்பினார். அம்மாவின் கூப்பாட்டில் பாதி, "வாயீ" என்று மட்டும் புளியமரத்திலிருந்து வெடித்து, அக்கரையில் மோதித் திரும்பி வந்தது.

அம்மா மறுபடி கூப்பிட்டதைக் கேட்டு, அந்த மரத்தடியில் பொரி விற்றவர் எங்களைத் தேடி ஓடி வந்தார். "பாட்டு பாடற வரைக்கும் அந்தப் புள்ள கொழாயை அண்ணாந்து பாத்துக்கிட்டு எங்கிட்டத்தானுங்க நின்னுச்சு. பாட்டு நின்னதும் படியில எறங்கிப் போச்சு. ஆத்தா கீழ குளிக்குதாக்கும்னு இருந்துட்டனுங்க. ஒரு சத்தம் பேரு கேட்டிருந்தா புடிச்சு நிறுத்தியிருப்பனே."

பொழுது சாய, நீர்ப்போக்கில் கீழே நாணற்புதரில் உடலாய்க் கிடைத்தாள்.

சத்தம் வரவில்லையென்றால் பேசுபவரின் வாயிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. வேலையிலிருந்த காலமெல்லாம் நான் அதை மீறிக் கடைசித் திருகைத்தான் முதலில் தொட்டேன், சகாக்கள் சிரித்தார்கள். இப்போது வரும் பெட்டிகளில் ஒலி எதுவரை போகிறதென்று காட்ட வழிநெடுக விளக்குகள் வைத்திருக்கிறார்கள். புளியமரம் இல்லை, அந்தக் கொழாயும் இல்லை.

அதன்பின் அம்மா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் எந்தக் காட்டுக் கோடியில் இருந்தாலும் நடந்து வந்து, தோளைத் தொட்டுத்தான் சாப்பாட்டுக்கு அழைப்பாள். இப்போது மாடியிலிருக்கும் என்னை வீட்டில் உள்ளவர்கள் கைப்பேசியில் கூப்பிடுகிறார்கள். தெளிவாகத்தான் கேட்கிறது. தோளைத் தொட ஆளில்லை.