ஆளுக்கொரு குட்டி

எங்கள் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை யாரென்று தெரியாத பெற்றோர்கூட இருக்கிறார்கள். மைக் அக்காவைத் தெரியாதவர் யாரும் இல்லை. அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். காலையில் மணி அடித்ததும் ஒலிபெருக்கியில் வருவது அவர் குரல். மழை வந்தால் உள்ளே வரச் சொல்வதும், யாருடைய சாப்பாட்டு டப்பா படிக்கட்டில் கிடக்கிறது என்று சொல்வதும் அந்தக் குரல்தான்.

அந்தக் குரலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பள்ளிக்கு வருவதற்கு முன் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். எந்த வண்டி எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அங்கே ஓடிய ஒரு பேருந்தின் ஓட்டுநர், 'என் வண்டியை மட்டும் இந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொல்லுதே' என்று கவனித்து, ஒருநாள் கண்ணாடிக் கூண்டுக்கு எதிரே தேநீரோடு வந்து நின்றார். கல்யாணத்தில் போய் முடிந்தது. "எல்லா வண்டியையும்தான் ரெண்டு தடவை சொன்னேன், இவர் காதுல இவர் வண்டி மட்டும் விழுந்திருக்கு" என்று அக்கா இன்றைக்கும் சத்தியம் செய்வார். அவர் கணவர் நம்புவதாக இல்லை.

பிறகு நிலையத்தில் பதிவு செய்த குரல் வந்தது. ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பள்ளி அலுவலகத்தில் ஒருவர் பிரசவ விடுப்பில் போக, அந்த இடத்துக்குத் தற்காலிகமாக வந்தார் அக்கா. விடுப்பில் போனவர் திரும்பவே இல்லை. அக்கா ஒட்டிக்கொண்டார்.

அலுவலக வேலைகளில் அவருக்கு உயிர் ஒன்றில்தான். மாதாமாதம் பெற்றோருக்கு அனுப்பும் பள்ளிச் செய்தித் தாள். விடுமுறை எப்போது, வகுப்புப் புகைப்படம் என்றைக்கு, எந்த வகுப்பு சுற்றுலா போகிறது, எல்லாம் அதில் இருக்கும். அக்காவே எழுதி, அக்காவே தட்டச்சு செய்து, முரண்டு பிடிக்கும் நகல் இயந்திரத்தின் முதுகில் நாலு தட்டுத் தட்டி, பிள்ளைகளின் பைகளில் போய்ச் சேரும்வரை நிம்மதி இருக்காது அவருக்கு.

அப்படிப் போன தாளை யாரும் படிப்பதில்லை என்பதுதான் அவருடைய தீராத குறை. குறையில் நியாயம் இருந்தது. ஜன்னலில் வந்து நின்று, "அக்கா, நாளைக்குப் பள்ளி உண்டா?" என்று கேட்போம். "அதான் தாள்ல போட்டிருந்தேனே!" என்பார். "அப்படியா, பார்க்கலையே" என்று அசடு வழிவோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பையை ஒருநாள் கவிழ்த்தபோது குளிர்காலத் தாள்கள் எல்லாம் வாழைப்பழத் தோலோடு சேர்ந்து கருவாடாகிக் கிடந்தன. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

இந்த வருஷம் வசந்தம் வந்தது. குளிர் விட்டதும் பிள்ளைகள் எங்கே வியர்க்கிறதோ அங்கேயே மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் 'தொலைந்த பொருள்' பெட்டி நிரம்பி, பக்கத்து நாற்காலியையும் பிடித்துக்கொண்டது. வசந்த இதழில் எழுத அக்காவிடம் ஏகப்பட்ட விஷயம் சேர்ந்துபோயிருந்தது. வசந்த விடுமுறை, வாசிப்பு வாரம், அடுத்த வருஷத்து முதல் வகுப்புச் சேர்க்கை, எல்லாவற்றுக்கும் மேலாக வசந்த நாள். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தி, பாத்தி கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு செடி கொண்டுவந்து பெற்றோரோடு சேர்ந்து நட வேண்டும் என்பது ஏற்பாடு.

அக்கா எழுதியதைத் தலைமையாசிரியையிடம் காட்டினார். அந்த அம்மா கணக்கு ஆசிரியையாக இருந்து மேலே வந்தவர். எதுவும் சுருக்கமாக இருக்க வேண்டும் அவருக்கு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்ளோ நீளமா எழுதினா யார் படிப்பா? ஒரே பக்கத்துல முடிச்சிடுங்க."

"சரிங்க மேடம்" என்று வந்து உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார் அக்கா. 'வீட்டில் வளரும் குட்டிச் செடி ஒன்றைக் கொண்டுவரவும், பள்ளித் தோட்டத்தில் நடுவோம்' என்று இருந்தது. தோட்டம், நடுவது எல்லாம் வந்தால் தெரியப்போகிறது என்று அதை எடுத்தார். அப்படியும் ஒரு வரி மிஞ்சியது. பக்கத்திலேயே அழகாக ஒரு நாற்றுப் படம் போட்டிருந்ததால் 'செடி' என்று சொல்லவும் வேண்டுமா என்று அந்தச் சொல்லையும் எடுத்தார். கச்சிதமாகப் பக்கத்தில் அடங்கியது. அச்சுக்குப் போகும் நேரத்தில் பள்ளி நர்ஸ் ஓடிவந்தார்.

"அக்கா, மூணாம் வகுப்பு முழுக்கப் பேன். பேன்சீப்பு வாங்கச் சொல்லி இதுலயே போட்டுடுங்க, தலை போற அவசரம்."

பேனுக்கு இடம் வேண்டுமே. படத்தைத் தூக்கினார்.

வழக்கமாகத் தாள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவின் கணவர் சாப்பாட்டு மேசையில் தப்புப் பார்க்க அதை உரக்கப் படிப்பார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வெளியூர் வண்டி. ஆக எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்த தாளில் இப்படி இருந்தது:

'வெள்ளிக்கிழமை வசந்த நாள், பெற்றோரும் வரவும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் வளரும் குட்டி ஒன்றைப் பத்திரமாகக் கொண்டுவரவும். தண்ணீர் மறக்க வேண்டாம்.'

தாள் போன மறுநாள் ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தாராம்.

"அக்கா, எங்க வீட்ல மூணு இருக்கு. ஒண்ணுதான் கொண்டு வரணுமா?"

"மூணையும் கொண்டு வாங்க, இடம் நிறைய இருக்கு."

"சாயங்காலம் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடலாம்ல?"

"திருப்பி எதுக்கு? இங்கயே இருக்கட்டும், நாங்க வளர்த்துக்கறோம்."

"பிள்ளைங்க அழுவாங்க அக்கா, நான் யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். ஒரு செடியைக் கொடுக்க இப்படி யோசிக்கிறார்களே, காலம் கெட்டுப்போச்சு என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

என் வீட்டுக் கதை வேறு. 'குட்டி' என்ற சொல்லைக் கண்டதும் மகளே தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டியிருந்தாள். எங்களிடம் குட்டி எதுவும் இல்லை. "எல்லாரும் கொண்டு வருவாங்கப்பா, நான் மட்டும் சும்மா போகணுமா?" என்று மகள் இரண்டு நாள் மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் மாடி வீட்டு டெய்லரிடம் கெஞ்சி, ஒரு முயல்குட்டியை இரவல் வாங்கினேன். "காது கசங்காம கொண்டு வந்து குடுத்துடணும்" என்று, சட்டை தைத்துக் கொடுப்பவர் மாதிரியே சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் கண்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாய்க்குட்டிகள் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தன. பூனைக்குட்டிகள் கூடையிலும், சட்டைக்குள்ளும், ஒன்று ஒரு பையனின் தலைக்கவசத்துக்குள்ளும் வந்தன. ஒரு அப்பா ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு பெட்டியில் கோழிக்குஞ்சுகள். அதைப் பார்த்து ஒரு சிறுமி, "இது குஞ்சு. குட்டின்னுதான் போட்டிருக்கு. இதெல்லாம் செல்லாது" என்று சட்டம் பேசினாள். ஒரு அம்மா தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வந்து, "எங்க வீட்ல வளர்ற குட்டி இதுதான், வேற இல்ல" என்றார். கையில் செடியோடு வந்தது நாலாம் வகுப்பு மட்டும்தான். அவர்களுடைய ஆசிரியை வகுப்பில் வாயால் சொல்லியிருந்தார். அவரைக்கொடி நாற்றுகளை வைத்துக்கொண்டு தப்பான கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி அவர்கள் ஓரமாக நின்றார்கள்.

தலைமையாசிரியை முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டு, கையில் மண் அள்ளும் சிறு கரண்டியோடு தயாராக இருந்தார். ஒரு நாய்க்குட்டி அந்தக் காலணியை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் வேலையை முடித்துக்கொண்டு போனது.

"என்னம்மா இதெல்லாம்?" என்று அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா அலுவலகத்துக்கு ஓடித் தாளை எடுத்துப் பார்த்தார். ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார். காது மடல்வரை சுட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றுகூடத் தோன்றியதாம். புகவில்லை. தாளோடு நேரே வெளியே வந்தார்.

"தப்பு என்னோடது மேடம். இடம் பத்தலைன்னு செடிங்கற வார்த்தையை எடுத்தேன். அப்புறம் படத்தையும் எடுத்துட்டேன். மிச்சம் இருந்தது குட்டிதான்."

தலைமையாசிரியை தாளை வாங்கிப் படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். அடுக்கடுக்காக மூன்று தும்மல் போட்டார். பூனை முடி அவருக்கு ஆகாது.

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

அக்கா அப்போதுதான் கூட்டத்தைச் சரியாகப் பார்த்தார். மாதக்கணக்கில் வாசல் பக்கமே வராத அப்பாக்கள் நின்றிருந்தார்கள். வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தவர்கள் இருந்தார்கள். எல்லோர் கையிலும் தவறாமல் ஒரு தண்ணீர்க் குப்பி.

"மேடம்," என்றார் அந்தக் குப்பிகளைக் காட்டி. "தண்ணீர் மறக்க வேண்டாம்னு போட்டிருந்தேன். பாருங்க, ஒருத்தர்கூட மறக்கல. கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்க."

"சரி," என்றார் தலைமையாசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வந்தது வந்தாச்சு. மைக்கை எடுங்க."

அடுத்த நிமிஷம் பேருந்து நிலையம் பள்ளிக்கே வந்துவிட்டது.

"பயணிகள்... மன்னிக்கவும், பெற்றோர்கள் கவனத்திற்கு. நாய்க்குட்டியோடு வந்திருப்பவர்கள் விளையாட்டுத் திடலின் இடது ஓரத்துக்குச் செல்லவும். பூனைக்குட்டிகள் நூலக வராந்தா. முயல், கோழி, ஆமை எல்லாம் இரண்டாம் வகுப்பு அறை. கைக்குழந்தைகள் ஆசிரியர் ஓய்வறை. ஆட்டுக்குட்டியின் உரிமையாளர் உடனடியாக நாலாம் வகுப்புப் பக்கம் வரவும், உங்கள் ஆடு அவரை நாற்றைத் தின்றுகொண்டிருக்கிறது."

நாங்கள் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போனோம். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு அதிகாரம்.

குட்டிகளுக்குப் படுக்க விரிப்பு வேண்டியிருந்தது, கட்டக் கயிறு வேண்டியிருந்தது, தண்ணீர் வைக்கக் கிண்ணம் வேண்டியிருந்தது. அக்கா தொலைந்த பொருள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து கவிழ்த்தார். கழுத்துத் துண்டுகள் கயிறாயின. டப்பா மூடிகள் கிண்ணமாயின. மேல்சட்டைகள் மெத்தையாயின. கொஞ்ச நேரத்தில் திடலின் நாலு பக்கமும் ஒரே கூச்சல்.

"ஏய், இது நம்ம வீட்டு டப்பா மூடி!"

"இந்தச் சட்டையைத் தேடித்தானே உன்னை அன்னைக்கு அந்தத் திட்டு திட்டினேன்?"

என் மகளின் நீலக் கம்பளிச் சட்டைமேல் ஒரு நாய்க்குட்டி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அது விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அந்தச் சாக்கில், வாசலில் தினம் பார்த்தும் பேசாத ஒரு அப்பாவோடு முதல் தடவையாகப் பேசினேன். ஆட்டுக்குட்டிக்காரர் அவர்தான். தன் ஆடு தின்ற நாற்றுக்கெல்லாம் ஈடாக வேறு நாற்று கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, நாலாம் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகப் போய்க் குட்டிகளைப் பார்த்தார்கள். ஆமைக்காரப் பையன் அது என்ன தின்னும், எப்போது தூங்கும் என்று விளக்கிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டான். தள்ளுவண்டிக் குழந்தையைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம். அது எல்லோரையும் பார்த்து எச்சில் வடியச் சிரித்துவிட்டு, மகள் காட்டத் தூக்கிப் போயிருந்த எங்கள் இரவல் முயலின் காதைப் பிடித்தது. கசங்கவில்லை, நல்லவேளை.

சாயங்காலம் திடலைக் கூட்டிப் பெருக்க அக்காவோடு நாங்களும் சிலர் நின்றோம். அவர் கணவர் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து, நடந்ததைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஒரு நாள் நான் படிக்கலைன்னா பள்ளிக்கூடத்தை மாட்டுத் தொழுவமா ஆக்கிட்டியே!"

"மாடு யாரும் கொண்டு வரலைங்க" என்றார் அக்கா, துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தபடி.

அடுத்த வாரமே நடும் நாள் பற்றித் தனியாக ஒரு தாள் அனுப்பினார் அக்கா. 'செடி (வேரும் இலையும் உள்ளது)' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார். அதையும் எல்லோரும் படித்திருந்தோம். தூறலில்கூடக் கூட்டம் குறையவில்லை. தக்காளி, மிளகாய், சாமந்தி, பெயர் தெரியாத என்னென்னவோ வந்தன. ஆட்டுக்குட்டிக்காரர் ஒரு கூடை அவரை நாற்றோடு வந்தார், ஆட்டை வீட்டில் கட்டிவிட்டு. பிள்ளைகள் நட்டதைவிட மிதித்தது அதிகம். பெரியவர்கள் குனிந்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டோம்.

கடைசிப் பாத்தியில் அக்காவும் தலைமையாசிரியையும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். மண்ணிலிருந்து பச்சையாக ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. தலைமையாசிரியை கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார்.

"இது நாம நட்டதா, இல்ல களையா?"

"தெரியல மேடம். இருந்துட்டுப் போகட்டும், தண்ணி ஊத்துவோம்" என்றார் அக்கா.

இருவரும் ஊற்றினார்கள்.