கத்திக்குக் கன்னடம்

மைசூரு அனிமே விழாவின் வாசலில் நிற்கிறேன். ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்களாக வேஷம் கட்டி வரும் இப்படியொரு விழாவுக்கு வருவது இதுவே முதல் தடவை. வேஷத்துக்காக ஈரோட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த அட்டைக் கத்தியைக் காவலாளி தட்டிப் பார்த்து, "ஏனிது?" என்று, இது என்னவெனக் கன்னடத்தில் கேட்கிறார். மலையை மலே என்றும் தலையைத் தலே என்றும் சொல்லும் ஊர் இது. அந்தக் கணக்கில் நானும் கத்தி என்ற சொல்லின் வாலைத் திருப்பி, "கத்தே சார், கத்தே" என்கிறேன். அவர் முகம் மாறாமல் ஒரு சோதனைச் சீட்டில் கன்னடத்தில் என்னவோ எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுகிறார்.

உள்ளே ராஜ மரியாதை. பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி என்னோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார். மூன்று வாரம் வெட்டி ஒட்டியது வீண்போகவில்லை.

நீல விக் வைத்த பெண் ஒருத்தி தமிழில் பேசுகிறாள். "நான் யாரு வேஷம்னு தெரியுதா?" என்று பெருமையாகக் கேட்கிறேன்.

"தெரியல அண்ணா. சீட்டுல கழுதைன்னு எழுதியிருக்கு, அதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க. கேட்ல கத்தேன்னு சொன்னீங்களா? கத்திக்குக் கன்னடத்துலயும் கத்திதான். கத்தேன்னா கழுதை."

சீட்டை அவிழ்க்கிறேன். அதற்குள் இன்னொரு கூட்டம் போனை நீட்டிக்கொண்டு வருகிறது. திரும்பவும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்.