இரண்டு பொட்டலத்துப் பூ

வெள்ளைப் பூவைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

என் வீட்டுக்காரர் சீமைக்கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறவர். அருப்புக்கோட்டைக்குக் கரி ஏற்றிப் போன லோடு ஆட்டோ கவிழ்ந்து, அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

“ஸ்குரூ போட்டா சொந்த எலும்பு தங்கும். ஆனா ஒட்டாமலும் போகலாம். இடுப்பு மூட்டுல உள்ள பந்து முனைய எடுத்துட்டு செயற்கைப் பந்து மாத்துனா சீக்கிரம் நடக்கலாம். ஆனா குத்தவச்சு உட்காரக் கூடாது. எதுன்னு நீங்க சொல்லுங்கம்மா” என்றார் டாக்டர்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் என்ன சொல்வேன்? திருச்சுழிப் பக்கம் எங்கள் குலசாமியிடம் பூக்கேட்க ஓடினேன். வெள்ளை வந்தால் ஸ்குரூ, சிவப்பு வந்தால் பந்து. கொழுந்தன் ஒவ்வொரு பூவையும் தனித்தனியே மடித்து இரண்டு பொட்டலங்களைச் சாமி முன்னால் போட்டார். ஒன்றை எடுத்தேன். வெள்ளை.

ஸ்குரூ போட்டார்கள். எலும்பு ஒட்டவில்லை, ரத்த ஓட்டமில்லாமல் உள்ளேயே செத்துப்போனது. படுக்கையில் கிடந்ததில் இதயமும் பலவீனமாகிவிட்டது, இனிப் பந்து வைக்க இன்னொரு ஆபரேஷனை அது தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் சாமிக்கு விளக்கு ஏற்றவில்லை.

போன வாரம் அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டே சாமியைத் திட்டினேன்.

“சாமிய ஏன்டி வையிற? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான். நான்தான் தம்பிட்ட அப்படி வைக்கச் சொன்னேன்.”

“ஏங்க இப்படிச் செஞ்சீக?”

“குத்தவைக்காம மூட்டம் போட முடியுமா? எலும்பு ஒட்டாதோன்னு நீ பயந்துக்கிட்டு பந்துன்னு சொல்லிருவ.”

துணியைப் பிழிந்தேன். இத்தனை மாதமும் சாமியோடு சண்டை போட்டே பொழுதைத் தள்ளியிருந்தேன். இனி அந்தச் சண்டையும் இல்லை. படுத்துக் கிடக்கிறவரிடம் போய் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?