எலி தின்னியின் வாக்குமூலம்

"இந்த டீயில எலி வாசனை அடிக்குதே," என்றார் துப்பாக்கிக் காவலர் கதோங்கோ.

"டீயில இல்ல மச்சான். உங்க மீசையில குரங்கு முடி ஒட்டியிருக்கு. தட்டி விட்டுட்டுக் குடிங்க," என்றார் மலித்தா.

"எலி தின்னிங்க ஊர்ல டீத்தூளுக்கு எங்க போவே? காய வெச்ச வாலைத்தான் போட்டுக் கொதிக்க வெச்சிருப்பே."

"வாலை உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன். மரத்துல தொங்கிட்டுத் திரியிற ஜனம், வால் இல்லாம என்ன பண்ணுவீங்க?"

வழிகாட்டி சகாலா சிரித்ததில் அவர் கையிலிருந்த தேநீர் பாதி மண்ணில் கொட்டியது. லுவாங்வா ஆற்றின் மேட்டில், ஒரு கருங்காலி மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். விருந்தினர் ஆறு பேர். மூன்று நாடுகள், ஐந்து காடுகள், பதினெட்டு நாட்கள் என்று கூட்டமாகச் சுற்றிவிட்டுக் கடைசியாக எங்கள் முகாமுக்கு வந்திருந்தவர்கள். அவர்களில் ஊர்சுலா என்ற அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "துப்பாக்கிக்காரர் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

முகாம் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் நான், அந்தப் பருவத்தில் வழிகாட்டி வேலை பழகுவதற்காக விருந்தினரைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் நடைக்கும் போய்க்கொண்டிருந்தேன். கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். "மலித்தா எலி தின்னும் கூட்டத்தைச் சேர்ந்தவராம், அதனால் அவர் போட்ட தேநீரில் எலி வாசனை வருகிறதாம்." மலித்தா என்ன சொன்னார் என்பதையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதோங்கோ கையை உயர்த்திவிட்டார். ஆற்றுப்பக்கமிருந்து மூன்று யானைகள் ஏறி வந்துகொண்டிருந்தன. கதோங்கோவின் கை உயர்ந்தால் யாரும் மூச்சுவிடக் கூடாது. யானைகள் கடந்து போனதும் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினோம். மறுபாதியைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மலித்தா ஜெரே இங்கோனி இனத்துப் பெண். கதோங்கோ பெம்பா இனத்தவர். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த கூட்டங்கள் அவை. பிறகு மொத்தக் கூட்டமும் மொத்தக் கூட்டத்துக்கு முறையாகிவிட்டது. கேலிமுறை. இங்கோனிகளுக்கு எலி தின்னி என்றும், பெம்பாக்களுக்குக் குரங்கு தின்னி என்றும் பட்டம். பெண் கொடுப்பது, எடுப்பது என்ற பேச்சே இதில் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முறைக்காரர் என்று தெரிந்தால் போதும், இறங்கும்வரை குரங்கும் எலியும் பறக்கும். கோபப்படுகிறவர்தான் மரியாதை கெட்டவர்.

மலித்தாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. சிபாட்டா பக்கத்தில் பிறந்தவர். அந்தச் சாலையில் குச்சியில் கோத்துக் காய வைத்த எலி விற்பார்கள். அது மலித்தாவுக்குப் பிடிக்கவும் பிடிக்கும், அதை மறைத்ததும் இல்லை. வாழ்க்கைப்பட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். கணவர் வடக்கே தாமிரச் சுரங்கத்துக்குப் போனார், போன இடத்திலேயே இன்னொருத்தியோடு வீடு கட்டிக்கொண்டார். மலித்தா போட்ட சோளத்தை இரண்டு வருடம் தொடர்ந்து யானைகள் தின்றன. "என் சோளத்தைத் தின்னு கொழுத்ததுங்க. அதுங்களைக் காட்டித்தானே சம்பளம் வாங்குறாங்க. எனக்கும் குடுக்கட்டும்" என்று முகாமுக்கு வந்து வேலை கேட்டாராம். துணி துவைக்கும் இடத்தில் போட்டார்கள்.

நடைக்குப் போக ஒரு ஒழுங்கு இருக்கிறது. முன்னால் துப்பாக்கியோடு அரசாங்கக் காவலர். அடுத்து வழிகாட்டி. பின்னால் ஒற்றை வரிசையாக விருந்தினர். எல்லோருக்கும் கடைசியில், தேநீர்ப் பையைச் சுமந்து வருகிறவர். அந்த இடம் எப்போதும் ஆண்களுக்குத்தான். ஒரு நாள் விடியற்காலையில் பை தூக்குகிறவர் மலேரியாவில் படுத்துவிட, யாரும் கேட்காமலே மலித்தா பையை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அன்றைக்கென்று பார்த்து, கூட்டத்திலிருந்து ஒதுங்கிய கிழட்டுக் காட்டெருமை ஒன்று புல்லுக்குள்ளிருந்து எழுந்தது. விருந்தினரில் இரண்டு பேர் திரும்பி ஓடப் பார்த்தார்கள். ஓடினால் துரத்தும். மலித்தா இருவரின் இடுப்பு வாரையும் பிடித்து இழுத்து, தன் மொழியிலேயே "உக்காருடா!" என்றார். மொழி தெரியாத அந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு அந்த இடத்தை அவர் விடவில்லை. முகாமில், அது ஆண்கள் வேலை என்று பேசிப் பார்த்தார்கள். ஊரில், பெண் கால்சட்டை போடுவதா என்று தேவாலயத்துப் பெண்கள் கேட்டார்கள். பச்சைக் கால்சட்டைக்கு மேலே சித்தெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு ஊரைக் கடந்து, முகாம் வாசலில் அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு நடைக்குப் போவார். "ஊருக்குப் பாவாடை, எருமைக்குக் கால்சட்டை. ரெண்டு பேரையும் திருப்திப்படுத்திட்டேன்" என்பார். முன்னால் போகிறவரிடம் துப்பாக்கி இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, "வெந்நீர்" என்றார்.

ஊர்சுலா அன்று மாலையே இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி, வெளிநாட்டில் இருக்கும் சுற்றுலா நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். அவர் கெட்டவரில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: கூட்டத்தில் ஒரே ஒரு உள்ளூர்ப் பெண் வேலையாள், எல்லோரைவிடவும் கனமான பை, வரிசையின் கடைசி இடம், அதற்குமேல் துப்பாக்கி வைத்திருக்கும் ஆண் எல்லோர் முன்னாலும் அவள் இனத்தை இழிவாகப் பேசுகிறான். அந்தப் புகாரில் எலி இருந்தது. குரங்கு இல்லை. குரங்கை விட்டவள் நான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. முகாம் மேலாளர் ஃபியோனா மலித்தாவையும் என்னையும் கூப்பிட்டார். அவர் பேச்சை நான் மொழிபெயர்த்தேன். நிறுவனம் வருந்துகிறது. தனக்கு மனம் புண்பட்டது என்று மலித்தா ஒரு வாக்குமூலம் தர வேண்டும். கதோங்கோ மன்னிப்புக் கேட்பார். பிறகு அவரை நுழைவாயில் காவலுக்கு மாற்றச் சொல்லி வனத்துறைக்கு எழுதுவார்கள். விஷயம் ஆறும்வரை மலித்தா பாதுகாப்பாகத் துணி துவைக்கும் இடத்தில் இருக்கட்டும்.

"பாதுகாப்பா?" என்றார் மலித்தா. "போன வருஷம் நீர்யானை வந்து போர்வையை எல்லாம் மிதிச்சிட்டுப் போச்சே, அந்த இடத்துலயா?"

"இது விளையாட்டுப் பேச்சுன்னு எனக்குத் தெரியும் மலித்தா. அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியாதே" என்றார் ஃபியோனா.

"அப்ப அவங்களுக்குச் சொல்றதுதானே உங்க வேலை?"

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு வரிசை நின்றபோது, சமையற்கட்டிலிருந்து ஒரு ஆளைப் பை தூக்க அனுப்பியிருந்தார்கள். பை மலித்தாவின் முதுகில் இருந்தது. வார்களை இறுக்கிக் கட்டியிருந்தார். "குடுங்க அக்கா, எனக்கு எதுக்கு வம்பு" என்று அந்த ஆள் கெஞ்சினார். "போய்க் களியைக் கிண்டு, அடிப்பிடிச்சிடும்" என்றார் மலித்தா.

பிறகு முன்னால் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "என்ன மச்சான், இன்னைக்குச் சத்தமே இல்ல? நாக்கை எந்தக் குரங்கு தூக்கிட்டுப் போச்சு?"

கதோங்கோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மலித்தாவிடம் வாய் திறக்கக் கூடாது என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"மச்சான்."

அவர் மலித்தா பக்கம் திரும்பவில்லை. அங்கே நின்ற ஃபியோனாவைப் பார்த்து, "கடைசியில நிக்கிறது யாருன்னு தெரியாம நான் காட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். நடையை நிறுத்தும் அதிகாரம் காவலருக்கு உண்டு. மலித்தாவைக் கடைசியில் அனுப்ப ஃபியோனா ஒப்பவில்லை; அன்று நடை இல்லை. விருந்தினரை வண்டியில் அனுப்பினார்கள்.

எருமைக்கு முன்னால் மாறாத மலித்தாவின் முகம் அந்த மௌனத்துக்கு முன்னால் மாறியதை நான் பார்த்தேன். பையை இறக்காமலே அலுவலகத்துக்குள் வந்தார்.

"வாக்குமூலம்தானே கேட்டாங்க? எழுது தங்கச்சி."

ஃபியோனா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வண்டியில் போகாமல் தங்கிவிட்ட ஊர்சுலாவும் வாசலில் வந்து நின்றார்.

"மலித்தா ஜெரே ஆகிய நான், காவலர் கதோங்கோவை ஆறு வருஷமா குரங்கு தின்னின்னு கூப்பிட்டு வர்றேன். எழுதிட்டியா? அன்னைக்கு ஆரம்பிச்சதும் நான்தான். விடியக்காலம் வாசல்ல, என்ன மச்சான், மரத்துல இருந்து இறங்க இவ்வளவு நேரமான்னு கேட்டேன். அதுக்கு முந்தின நாள் அவர் தொப்பியைப் பார்த்து, செத்த குரங்கைத் தலையில வெச்சிருக்கீங்களான்னு கேட்டேன். எழுது."

எழுதினேன். ஊர்சுலா என்னிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"அந்தம்மாவுக்கு என்ன வேணுமாம்?" என்றார் மலித்தா.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு கேக்குறாங்க."

"ஆமா, நீங்கதான்னு சொல்லு."

சொன்னேன். ஊர்சுலாவின் முகம் சிவந்தது. நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்றார்.

"நல்ல மனசுதான், யாரு இல்லேன்னா? அந்த நல்ல மனசுதான் என் இடத்துல வந்து உக்காந்துக்கிச்சு." மலித்தா என் பக்கம் திரும்பினார். "அடுத்தது எழுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவர் பொண்டாட்டி காய்ச்சல்ல செத்துப்போச்சு. மூணு நாள் அந்த மனுஷன் வாயும் திறக்கல, கண்ணும் கலங்கல. கல்லு மாதிரி உக்காந்திருந்தார். நான் போனேன். செத்தவளோட சித்தெங்கேயை எடுத்துக் கட்டிக்கிட்டேன். அவ மாதிரியே ஒரு காலைச் சாய்ச்சு நடந்து, அவ குரல்லயே, துப்பாக்கியைத் தூக்கத் தெரியுது, ஒரு குடம் தண்ணி தூக்கத் தெரியாதான்னு கத்தினேன். அவர் சிரிச்சார். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு. அப்புறம் அவளைப் புதைக்க வெட்டின குழிக்குள்ள நான் போய்ப் படுத்துக்கிட்டேன். இது எலிக்கு வெட்டின வளை, குரங்குக்கு இடம் கிடையாதுன்னேன். அவர் கூடப் பிறந்த தங்கச்சிக்குக்கூட அந்த உரிமை இல்ல. கேலிமுறைக்காரி எனக்குத்தான் உண்டு."

நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். எதையும் விடவில்லை.

"கடைசியா இது. எனக்கு மனசு புண்பட்டுச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டா, அந்த நிமிஷமே அவர் எனக்கு யாரோ ஆயிடுவார். அவரை வாசலுக்குத் துரத்திட்டு என்னைத் துவைக்கிற தொட்டிக்குத் துரத்தினா, நாளைக்கு நான் செத்தா குழியில வந்து படுக்கிறது யாரு? ஃபியோனா அம்மா படுப்பாங்களா? கேளு."

கேட்டேன். ஃபியோனா நான் எழுதிய தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்படியே தட்டச்சு செய். நானே அனுப்புறேன்" என்றார்.

பதில் வர ஒன்பது நாளானது. அதுவரை துவைக்கப் போகச் சொன்ன நேரமெல்லாம் மலித்தா பையோடு வரிசையில் வந்து நின்றார்; வாக்குமூலத்துக்குப் பிறகு ஃபியோனா தடுக்கவில்லை; மலித்தா நின்றதால் கதோங்கோ நடந்தார்; வாய் மட்டும் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் வந்தது ஒரே வரி. முன்பு இருந்தபடியே தொடரலாம். உள்ளூர் வழக்கத்தை விருந்தினருக்கு முதல் நாளே விளக்கிவிடுங்கள். நான் அதைப் படித்துக் காட்டி முடிப்பதற்குள் கதோங்கோ, "ஒம்பது நாளா எலி டீயை வாயை மூடிக்கிட்டுக் குடிச்சிருக்கேன், வயிறு என்னத்துக்கு ஆகும்" என்றார். மலித்தா எழுந்து போய் அவர் தொப்பியைத் தட்டிக் கீழே தள்ளினார்.

இப்போது புதுக் கூட்டம் வந்ததும் முதல் மாலையில் ஃபியோனா கேலிமுறையைப் பற்றிப் பேசுகிறார். விருந்தினர் மறுநாள் மரத்தடியில் கேமராவோடு காத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது மலித்தா கேலி செய்வதில்லை. "நான் என்ன வித்தை காட்டுறவளா?" என்று பையை மூடிவிடுவார். கேமராவை உள்ளே வைத்த பிறகுதான் குரங்கு வெளியே வரும்.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிய நாளில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அச்சிட்ட தாளை நீட்டியபோது பேனாவை வாங்கிக்கொண்டார், ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை. அவருக்குப் படிக்கத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"என் பேருக்குக் கீழ டீன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"உங்க வேலை அக்கா. தேநீர் சுமக்கிறவர்னு இருக்கு. பதிவுல அப்படித்தான் இருக்கு."

அவர் பேனாவை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அதை அடிச்சிட்டு, வரிசையில கடைசியா நடக்குறவள்னு எழுதிக் குடு தங்கச்சி. திரும்ப அச்சடிக்க வேணாம், பேனாவாலயே எழுது. அடிச்சது அவங்களுக்குத் தெரியட்டும்."