குழாயடியில் அக்கா வரைந்த பர்மா

சித்திரை வெயிலில் தெருக்குழாயின் பித்தளை மூக்கு கையைச் சுடும். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே அப்போது அந்த ஒரு குழாய்தான்...

நான் அதிகம் படித்தவள் இல்லை. மனதில் வந்ததை எழுதுகிறேன்.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது காடும் மலையுமாக நடந்தே தப்பி வந்த குடும்பம் எங்களுடையது. நான் அப்பா தோளில் வந்த கைக்குழந்தை. அக்கா நடந்து வந்தவள். சண்டை முடிந்த பிறகு அப்பாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது, ராயபுரம் வந்தோம்.

தெருப் பிள்ளைகள் எங்களைச் சேர்க்கவில்லை. பர்மாக்காரிகள் என்று பாண்டி விளையாட்டிலிருந்து தள்ளியே வைத்தார்கள். அதற்குத் தலைவி கன்னியம்மா. அக்கா வீட்டுக்குள் வந்து சத்தமில்லாமல் அழுவாள்.

வருஷப் பிறப்பு அன்று கன்னியம்மா புதுப் பாவாடையோடு குழாயடிக்கு வந்தாள். அக்கா நேரே போய் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் தோளில் ஊற்றிவிட்டாள்.

கன்னியம்மா பாவாடையை உதறிக்கொண்டு கத்தினாள்.

"இன்னாடி, புதுத்துணி மேல ஊத்திட்டு நிக்கிற? திமிரா?"

அக்கா சொன்னாள்.

"எங்க ஊர்ல வருஷம் பொறக்கும்போது தண்ணி ஊத்துவாங்க. போன வருஷத்துப் பாவமெல்லாம் போயிடும். அதான் உனக்கு மொதல்ல ஊத்துனேன்."

கன்னியம்மா முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"உங்க ஊரு எங்கதான் கீது?"

ஈர மண்ணில் அக்கா குச்சியால் வரைந்தாள். வால் வைத்த காத்தாடி மாதிரி ஒரு தேசம்... மேலிருந்து கீழே ஐராவதி ஆறு. கடல் பக்கம் ரங்கூன், அங்கே தங்கம் பூசிய கோயில். மரப்பட்டையை இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் பெண்கள். அவர்கள் ராஜாவை வெள்ளைக்காரன் கப்பலேற்றி முதலில் நம் மெட்ராஸுக்குத்தான் கொண்டுவந்தானாம். அதைக் கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் சுற்றிக் குந்திவிட்டார்கள். நான் பிறந்த ஊர் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கன்னியம்மா தன் குடத்தைத் தூக்கி அப்படியே அக்கா தலையில் கவிழ்த்தாள்.

"உன் பாவமும் போவட்டும் போ. நாளைக்கு பாண்டி ஆட வா."

அப்புறம் யார் யாரை நனைத்தார்கள் என்று கணக்கே இல்லை. அம்மாக்கள் திட்டிக்கொண்டே நனைந்தார்கள். அக்கா சிரித்தாளே... ஜெயித்தவள் சிரிப்பு அது. அதற்குப் பிறகு வருஷப் பிறப்பு என்றாலே எங்கள் தெருவில் தண்ணீர்தான்.

இப்போது கொள்ளுப்பேரன் போனைத் தடவினால் பர்மா வந்துவிடுகிறது. பெயர்கூட மாறிவிட்டது என்கிறான். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் தனியாக உட்கார்ந்து பார்க்கிறான்.

போன மாதம் அக்கா போய்விட்டாள்... இன்னும் தாங்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருத்தி, இவங்க எந்த ஊர்க்காரங்க என்று விசாரித்தாள். நான் வாய் திறக்கும் முன் மூலையில் உட்கார்ந்திருந்த கிழவி கன்னியம்மா சொன்னாள்.

"எங்க தெருப் பொண்ணும்மா."