காற்றுப்பெட்டியும் கல்யாண ஓமமும்

காற்றை வாடகைக்கு விடுகிற தொழில் எங்களுடையது. ஹட்டனில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எனக்கொரு மேசை. வாடகைக்குப் போவது, நுரையீரல் நோயாளிகள் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய சின்ன மெசின். அறைக் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அதைப் பாவிக்கும் விதத்தை விளக்குவது என் வேலை. சத்தமாகப் பேச வராத வாயை வைத்துக்கொண்டு, பேசியே பிழைக்கும் உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

எதற்காக

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுப்பையா ஐயா வந்தார். தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி ஏறிய களைப்பில் என் மேசையைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி பாக்கியம் அம்மா.

எல்லோரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டேன்: நடக்கும்போது மட்டும் கஷ்டமா, படுத்தாலுமா? அவர் கையை ஆட்டி அந்தக் கேள்வியை ஒதுக்கினார்.

"மூச்சு வாங்குறது பழகிப்போச்சு மிஸ். தை மாசம் மகளுக்குக் கல்யாணம். மணவறையில உக்காந்து நானே தாரை வாத்துக் குடுக்கணும். அதுக்குத்தான் இது."

கம்பளி

அடுத்த வாரமே, மெசின் கத்துகிறது என்று தொலைபேசி வந்தது. பஸ் பிடித்து, தோட்டத்து லயத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெசினைத் தடித்த கம்பளியால் சுற்றி, குழாய் புறப்படும் கழுத்துப் பக்கம் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். காற்று இழுக்க வழியில்லாமல் அது அலறிக்கொண்டிருந்தது. நான் கம்பளியை அவிழ்க்க, பாக்கியம் அம்மாவுக்கு என்மேல் கோபம்.

"கை வச்சுப் பாருங்க மிஸ், எப்புடி நடுங்குது! குளிர்ல இது படுத்துக்கிட்டா இவரு கதி என்னா?"

சூடம்

இன்னொரு வெள்ளிக்கிழமை போனபோது, மெசினுக்கு விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். சுப்பையா ஐயா மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்க, பாக்கியம் அம்மா எரியும் சூடத்தட்டை மெசினை நோக்கித் தூக்கிவிட்டார். நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

தட்டை வெளியே வைத்த பிறகு விளக்கினேன். ஒட்சிசன் ஊறிய துணியில் ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். அடுப்போ விளக்கோ சூடமோ, எந்த நெருப்பும் கிட்டே வரக் கூடாது. பாக்கியம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சுப்பையா ஐயா மட்டும் நிதானமாக யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ ஐயரு ஓமம் வளக்கிறப்ப நான் எங்கங்க மிஸ் உக்கார்றது?"

மணவறை

கொஞ்ச நேரம் குழாயைக் கழற்றி வைக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டோம். ஓமப் புகையில், குழாய் இல்லாமல், ஒரு நிமிஷமும் கூடாது என்றார். சுப்பையா ஐயாவின் தம்பி தாரை வார்க்கட்டும் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தார்கள். சுப்பையா ஐயா மறுக்கவில்லை. மெசினை நிறுத்தி மூலையில் வைத்துவிட்டார் என்று பாக்கியம் அம்மா போனில் அழுதார்.

நான் ஓடினேன். மெசினைப் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, மகள் கலா கொழுந்து பறித்துவிட்டு உள்ளே வந்தாள். மழைக்குத் தலையில் போர்த்தியிருந்த கொங்காணியைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா ஓமத்துக்கிட்ட வரக் கூடாது, அவ்வளவுதானே? நாங்க எந்திரிச்சு அப்பாக்கிட்ட வர்றோம். மணவறைக்கு என்னா, காலா இருக்கு? நமக்கு இருக்குல்ல?"

வாசல்

மணவறையை விட்டு எழும்பக் கூடாது என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஐயரோ ஒத்துக்கொண்டார். ஓமம் மண்டபத்தின் உள்கோடியில். சுப்பையா ஐயா வெளிக்காற்று வரும் வாசலில், வேட்டி சால்வையோடு, மடியில் மெசின். மேலதிக பெட்டரியை அணைத்துக்கொண்டு நான் தூணுக்குப் பின்னால். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. மெசின் பெட்டரியில் ஓடிக்கொண்டேயிருந்தது.

பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வந்து அவர் முன்னால் நின்றார்கள். சொம்புத் தண்ணீர் சிந்தாமல் அவர்கள் கை மீதே விழுந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை, பழக்கதோஷத்தில், ஆரத்தித் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"சம்பந்தி, அங்கயே நில்லுங்க! எங்க வீட்டுச் சாமிக்குச் சூடம் ஆகாது!"

திருப்பிக் கொடுக்க

திங்கட்கிழமை சுப்பையா ஐயா குழாயோடு மாடிப்படி ஏறி வந்தார். கல்யாணம் முடிந்துவிட்டதாம், மெசினை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இது தினமும் தேவை என்று எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பஸ்களைப் பார்த்துக்கொண்டே கேட்டவர், மெசினை மறுபடி தோளில் மாட்டினார்.

"அப்படின்னா பேரப்புள்ளைக்குப் பேரு வைக்கிற வரைக்கும்னு எழுதிக்கங்க."

காற்றை வாடகைக்கு விட்டுப் பார்த்ததில் நான் கண்டது, வெறும் மூச்சு விடுவதற்காக யாரும் எங்கள் மாடிப்படி ஏறுவதில்லை என்பதுதான்.